யளனக

காரைக்குடி தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர். கம்பன் மணிமண்டப வளாகத்தில் இருக்கிறது அந்தக் கோயில். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதும் இங்கேதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ‘தமிழ் கீபோர்டு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பு நிறத்தில், ஆங்கில எழுத்து அச்சடித்த ஒரு கீபோர்டை எடுத்து வைப்பார்கள். ‘இதுலயே தமிழ் வரும்ண்ணே’ என்பார்கள். அது உண்மைதான், வரும். எந்தத் தமிழ் வரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஏனென்றால் கீபோர்டில் ‘தமிழ்’ என்று ஒன்று கிடையாது. நாலைந்து இருக்கின்றன.

முதலாவது டைப்ரைட்டர் தமிழ். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகையை வடிவமைத்தார். இயந்திரங்கள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. எங்கள் பக்கத்துச் செட்டியார் கடைகளின் மேலாட்களும் அடுத்தாட்களும் பெட்டியடிப் பையன்களும் கப்பலேறிப் போன அதே மலேயாதான். அவர்கள் பேரேட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 247 எழுத்தை நாலு வரிசை விசைக்குள் அடக்குவது எப்படி என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது இன்ஸ்கிரிப்ட். 1980-களில் மத்திய அரசு இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொண்டுவந்தது. 1991-ன் இஸ்கி தரத்திலும் சேர்ந்துகொண்டது. ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது அதன் கொள்கை. இந்தியில் ‘க’ இருக்கிற இடத்தில்தான் தெலுங்கிலும் தமிழிலும் ‘க’ இருக்கும்.

மூன்றாவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. உயிர் எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில்.

நான்காவது நம்முடையது. ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்று எழுத்துக்கூட்டி அடித்தால் தமிழாக மாறுமே, அது. போனில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றுதான் தமிழ் கீபோர்டு. மற்ற மூன்றும் இருப்பதே பலருக்குத் தெரியாது.

எனக்கு அந்த மூன்றும் உண்டென்று காட்டியவர் டீச்சர்.

*

டீச்சரிடம்தான் எங்கள் தெருவில் பாதிப்பேர் டைப்ரைட்டிங் படித்தோம். பத்தாவது லீவில் அனுப்பிவிடுவார்கள். ‘லோயர் முடிச்சு வச்சுக்க, எதுக்காச்சும் ஆகும்’ என்பது எல்லா வீட்டு அப்பாக்களின் வசனம். நீண்ட தாழ்வாரத்தில் இருபக்கமும் இயந்திரங்கள். ஒரு பேட்ச் முழுக்க அடிக்கும்போது தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே யார் எந்த விரலை மாற்றிப் போட்டார்கள் என்று டீச்சர் கண்டுபிடிப்பார். ‘மோதிர விரலு எங்க போச்சு?’ என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

நான் இங்கிலீஷ் பேட்ச். பக்கத்து வரிசையில் தமிழ் பேட்ச். அவர்களுடைய முதல் பாடம் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. யளனக, யளனக, யளனக. இடது கையின் நாலு விரலும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் உள்ள நாலு எழுத்து. அர்த்தமே இல்லாத இந்தச் சொல்லை ஒரு தலைமுறை பக்கம் பக்கமாக அடித்திருக்கிறது.

பிறகு இன்ஸ்டிடியூட் மூடப்பட்டது. இயந்திரங்கள் எடைக்குப் போயின. ஒன்றிரண்டு முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கலாம். பழைய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் விற்கும் தெரு. டீச்சர் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சுக்கு உட்கார்ந்தார். மனு, விண்ணப்பம், பத்திர வரைவு, கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர். ஒரு பக்கத்துக்கு 30 ரூபாய், அதில் பாதி கடைக்கு.

கம்ப்யூட்டருக்கு மாறியபோது அவர் பெரிதாகச் சிரமப்படவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல டைப்ரைட்டர் வரிசையிலேயே அமைந்திருந்தன. விரலுக்கு ஒன்றும் வித்தியாசமில்லை. காகிதம் செருகுவது மட்டும் போய்விட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டபோதும், கடையில் அந்தப் பழைய எழுத்துருவே ஓடிக்கொண்டிருந்தது. அச்செடுத்துக் கொடுக்கிற வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியப் போகிறது?

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கடைக்காரர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். அதில் ஒருவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய இயந்திரத்திலும் ஓடும். கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: ‘தமிழ் வரணும்.’ வந்தவர் தமிழைச் சேர்த்தார். ஆங்கிலத்தைத் தூக்கிவிட்டார். போய்விட்டார்.

மறுநாள் காலை டீச்சரால் உள்ளேயே போக முடியவில்லை.

*

‘தம்பி, பாஸ்வேர்டு தப்புங்குது. நான் தப்பா அடிக்கலப்பா. எனக்கு அது மறக்குமா?’

மறக்காது. அவர் தப்பாக அடிக்கவும் மாட்டார். நான் போனபோது கடைக்காரர் புதுசாக ஒரு கீபோர்டே வாங்கிப் போட்டுவிட்டிருந்தார். அதிலும் அதே கதை. ‘மதர்போர்டு போயிருக்கும்’ என்று பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கீபோர்டை. பாவம், அதற்கு ஒரு பாவமும் தெரியாது. கீபோர்டுக்கு ‘ஏ’ என்ற எழுத்து தெரியாது, ‘அ’வும் தெரியாது. எந்த இடத்தில் இருக்கிற விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அது சொல்லும். மூன்றாவது வரிசையில் முதல் விசையை அழுத்தினால் லினக்ஸின் கருநிரலுக்கு அது 30 என்ற எண். திரையைக் கவனிக்கிற அடுத்த அடுக்கு அதோடு 8 கூட்டி 38 என்று வைத்துக்கொள்ளும். அதற்கும் அடுத்து எக்ஸ்கேபி என்ற பகுதி. அது அந்த இடத்துக்கு ‘ஏசி 01’ என்று பெயர் வைத்திருக்கிறது. கீழ் வரிசை ஏபி, நடு வரிசை ஏசி, மேல் வரிசை ஏடி, எண் வரிசை ஏஇ. மனைப்பிரிவு வரைபடத்தில் பிளாட்டுக்கு நம்பர் போடுவதுபோல. இதுவரை எழுத்து என்று ஒன்று எங்குமே வரவில்லை. அந்த பிளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கடைசியில் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் எழுத்து பிறக்கிறது.

ஆகவே புதுக் கீபோர்டு வாங்கினாலும் அதே 30 போகும். அதே கோப்பைத்தான் பார்க்கும்.

கடவுச்சொல் கட்டத்தில் எதை அடித்தாலும் கறுப்புப் புள்ளிதான் தெரியும். அதன் ஓரத்தில் ஒரு கண் படம் இருந்தது. அதை அழுத்தினேன். புள்ளிகள் விலகின. உள்ளே இருந்தது தமிழ். தமிழ் என்றுகூடச் சொல்ல முடியாது, கொம்பும் காலும் புள்ளியும் ஒட்ட இடமில்லாமல் வரிசையாக நின்றன.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘இதத்தான் நான் ஒரு மணி நேரமா அடிச்சுக்கிட்டு இருந்தேனா?’

இதைச் சரிசெய்ய ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலம்தான் இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையே. வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்ட நிலைமை. மாற்றுவழி எளிது. லினக்ஸ் ஒரு பென்டிரைவிலிருந்தே ஓடும். அப்படி ஓடும்போது அது தன் சொந்த அமைப்புகளோடு வரும், ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற குழப்பம் அதற்குத் தொற்றாது. பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, உள்ளே இருக்கும் வட்டைத் திறந்தேன். டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் விசைப்பலகை அமைப்பு ஒரே ஒரு சிறு கோப்பில் இருக்கும். ‘எட்சி’ என்ற கோப்புறை, அதற்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘கீபோர்டு’. ஐந்தாறு வரிதான். எந்த மாதிரி கீபோர்டு, எந்த நாட்டு அமைப்பு, அதில் எந்த வகை, மாற்றிக்கொள்ள எந்த விசை.

நாடு என்ற இடத்தில் ‘ஐ என்’ என்று இருந்தது, இந்தியா. வகை என்ற இடத்தில் ‘டி ஏ எம்’. நான் நாட்டுக்கு முன்னால் ‘யு எஸ்’ சேர்த்து ஒரு காற்புள்ளி வைத்தேன். வகையிலும் முன்னால் வெறும் ஒரு காற்புள்ளி.

‘அங்க எதுக்கு ஒண்ணுமில்லாம ஒரு கமா?’ என்றார் டீச்சர். முப்பது வருடம் பிழை திருத்திய கண்.

அது முக்கியமான காற்புள்ளி. முதல் வரியில் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாவது வரியிலும் அதே வரிசை இருக்க வேண்டும். முதல் ஆளுக்கு, அதாவது ஆங்கிலத்துக்கு, தனி வகை எதுவும் வேண்டாம் என்று அந்தக் காலி இடம் சொல்கிறது. காற்புள்ளி இல்லாவிட்டால் ‘டி ஏ எம்’ ஆங்கிலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க விசைப்பலகைக்குள் தமிழ் வகையைத் தேடும். அப்படி ஒன்று அங்கே இருக்காது. லினக்ஸில் தமிழ் சேர்த்து வேலை செய்யாமல் போன பலருக்கும் இந்த ஒரு குறிதான் காரணமாக இருந்திருக்கும்.

‘செக்குபந்தி மாதிரில்ல இருக்கு’ என்றார் டீச்சர். ‘வடக்கே யாருன்னு எழுத ஒண்ணும் இல்லேன்னாலும் வடக்கேன்னு எழுதித்தான் ஆகணும்.’

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

*

பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி கிளப்பினோம். கடவுச்சொல் ஏறியது. கடைக்காரர் ‘அப்பாடா’ என்று ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனார். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது.

டீச்சர் எடிட்டரைத் திறந்து, தமிழுக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு இடது கையை வைத்தார். நாலு விரலும் வரிசையாக இறங்கின. யளனக.

திரையில் வந்தது நாலு குறி. ஓகாரத்தின் கொம்பும் காலும், ஏகாரக் கொம்பு, ஒரு புள்ளி, இகர விசிறி. எழுத்து எதுவும் கிடைக்காததால் நாலும் ஆளுக்கொரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒட்டுவதற்கு மெய் இல்லாத குறியை யூனிகோடு இப்படித்தான் காட்டும். இங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும், காணவில்லை என்று பொருள்.

வலது கையை வைத்தார். த, ம, ட என்று இறக்கினார். ர, க, த என்று வந்தது.

டீச்சர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘எனக்கு விரலு போயிருச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்’ என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் இன்னும் போகவில்லை. கம்ப்யூட்டரில் லேஅவுட் மாறிவிட்டால் நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். அவருக்கு வந்தது வேறு. ஒரு விரல் எங்கே போக வேண்டும் என்று அவர் யோசிப்பதே இல்லை. மனதில் சொல் எழும்போது விரல் ஏற்கெனவே அங்கே இருக்கும். அந்த விரல் தவறான எழுத்தைக் கொண்டுவந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் மனிதர் தன்னைத்தான் சந்தேகப்படுவார். அறுபதைத் தாண்டியவர் என்றால் இன்னும் வேகமாக. கடைக்காரர் வேறு அன்று காலைதான் சொல்லியிருந்தார்: ‘திங்கக்கிழமைக்குள்ள இது செட் ஆகலைன்னா பையன வச்சு ஓட்டிக்கிறேன் டீச்சர். நீங்களும் எம்புட்டு நாளுக்குக் கஷ்டப்படுவீங்க.’

பையன் என்பது கடையில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுக்காரன். அவன் தட்டச்சு செய்வதில்லை. போனில் பேசுவான், அது எழுதிக்கொள்ளும்.

*

எந்தத் தமிழ் என்று முன்பே சொன்னேனே, அது இங்கேதான் கணக்குக்கு வருகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது இன்ஸ்கிரிப்ட். லினக்ஸில் ‘இந்தியா’ என்ற கோப்புக்குள் தமிழ் வகைகள் பல இருக்கின்றன. ‘டி ஏ எம்’ என்ற சுருக்கப் பெயர் இன்ஸ்கிரிப்டுக்குப் போயிருக்கிறது. தமிழ்99-க்கு அதைவிட நீளமான பெயர். அவசரத்தில் பட்டியலைப் பார்க்கிறவர் குட்டையான பெயரைத்தான் தொடுவார். நிறுவிக் கொடுத்தவர் தேர்ந்தெடுத்தது பிழையென்றும் சொல்ல முடியாது. தமிழ் கேட்டார்கள், தமிழ் கொடுத்தார்.

இன்ஸ்கிரிப்டில் உயிர்க்குறி எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. தமிழில் இல்லாத ஒலிகளுக்கான இடங்கள் காலி. டீச்சர் சில விசைகளை அழுத்தியபோது ஒன்றுமே வராததற்கு அதுதான் காரணம். இந்தி தட்டச்சு தெரிந்த ஒருவருக்கு அது அருமையான ஏற்பாடு. செஞ்சையிலிருந்து நடந்து வருகிற ஒரு தட்டச்சு ஆசிரியைக்கு அது அடுத்தவர் வீட்டுச் செருப்பு.

இப்போது இரண்டு வழி. ஒன்று, டீச்சரைத் தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொல்வது. அரசுத் தரம், கற்பதும் சுலபம். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எனக்குக் கிடைத்த கணினியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விளையாட்டாக அதைத் திறந்துதான் நான் இந்தப் பக்கமே வந்தேன். பதினேழு வயதில் புதிய வரிசை பழக இரண்டு வாரம் ஆனது. டீச்சரிடம் இருந்தது நாலு நாள்.

இரண்டாவது வழி, கம்ப்யூட்டரிடம் ‘உன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னார்’ என்று சொல்வது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டைப்ரைட்டர் தமிழை எக்ஸ்கேபியில் நேராக எழுதிவிட முடியாது. டைப்ரைட்டரில் ‘க்’ அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். அந்த விசை அழுத்தினால் வண்டி நகராது. காகிதத்தில் புள்ளி விழும், இடம் அங்கேயே நிற்கும். அடுத்து ‘க’ அடித்தால் புள்ளிக்குக் கீழே சரியாக வந்து உட்காரும், அதன் பிறகுதான் வண்டி நகரும். நகரா விசை என்ற அந்த யோசனை இல்லாமல் தமிழ் டைப்ரைட்டரே இல்லை. ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’. கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசை. யூனிகோடு அப்படிச் சேமிப்பதில்லை. முதலில் ‘க’, பின்னால்தான் குறி. கொம்பு இடது பக்கம் தெரிந்தாலும் சேமிப்பில் அது பின்னால்தான் நிற்கும்.

டீச்சருக்குப் புள்ளி முன்னால். கம்ப்யூட்டருக்குப் புள்ளி பின்னால்.

எக்ஸ்கேபிக்கு ஞாபகம் கிடையாது. இந்த விசைக்கு இந்த எழுத்து, ஷிப்ட்டோடு சேர்த்தால் அந்த எழுத்து, அவ்வளவுதான். முன்பு எதை அழுத்தினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. முந்தியதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தது வரும்வரை காத்திருந்து, வரிசையைத் திருப்பிப் போட இன்னொருவர் நடுவில் வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் என்ற தொகுப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழுவதும் இந்த வகைக் கருவியால்தான். எம்17என் தொகுப்பில் தமிழுக்குப் பல அட்டவணைகள். அதில் ஒன்று டைப்ரைட்டர்.

அதை நிறுவினேன். டீச்சர் மறுபடி கையை வைத்தார்.

யளனக.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்கு ஓடினார். மேல் வரிசை, கீழ் வரிசை, ஷிப்ட்டோடு ஒரு சுற்று. சரியாக அடிபடும் வரை பாராட்டு கிடையாது என்பது இன்ஸ்டிடியூட்டின் பழைய விதி. நாலைந்து இடத்தில் நிறுத்தினார். ‘இது இங்க இல்ல. நம்ம மெஷின்ல இது இந்தப் பக்கம்.’ டைப்ரைட்டர் என்றாலும் ஒரே டைப்ரைட்டர் அல்லவே. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது, பிந்தியது, இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி.

அட்டவணைக் கோப்பைத் திறந்து காட்டினேன். அடைப்புக்குறிகளுக்குள் வரிவரியாக இருந்தது. இந்த விசை, இந்த எழுத்து. அதைப் படிக்க நிரல் தெரியத் தேவையில்லை. தட்டச்சு தெரிந்தால் போதும். அந்தக் கோப்பை டீச்சரின் சொந்தக் கோப்புறைக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டோம். மூலத்தைத் தொடவில்லை. நகலில் அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். ஒரு வரி மாற்றுவது, ஐபஸை நிறுத்தித் தொடங்குவது, அவர் அடித்துப் பார்ப்பது. ‘ம், அடுத்தது.’ ஒன்றரை மணி நேரம். இடையில் டீ வந்தது, ஆறிப்போனது.

யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதிய அட்டவணை அது. தமிழ் அடிக்கிறவர் இப்படித்தான் இருப்பார் என்று அவர்கள் ஒரு ஊகம் செய்திருக்கிறார்கள். எல்லா மென்பொருளிலும் அப்படி ஒரு ஊகம் இருக்கிறது. பலவற்றில் அது பூட்டிய அறைக்குள் இருக்கும். நாம் போய்ப் பார்க்க முடியாது, நம்மை மாற்றிக்கொண்டு பழகுவோம். பிறகு அதையே ‘அப்டேட் ஆவது’ என்று சொல்லிக்கொள்வோம். இங்கே அறை திறந்திருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்த ஒருவர், உள்ளே போய், இது இங்கே அல்ல, அங்கே என்று சொன்னார். கம்ப்யூட்டரும் கேட்டுக்கொண்டது. திறந்த மூலம் என்றால் இலவசம் என்றே நானும் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அந்தச் சொல்லின் முதல் பாதி எனக்குக் கண்ணில் பட்டது.

*

திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது ஒரு பாகப்பிரிவினை வரைவு. பழைய வீடு ஒன்று, பங்காளிகள் ஏழெட்டுப் பேர், பாதிப்பேர் வெளிநாட்டில். சனிக்கிழமை மாலை நான் போனபோது பையன் தன் போனை வைத்துக்கொண்டு முயன்றுகொண்டிருந்தான். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வாசிப்பான், போன் எழுதும். ‘முகப்பு’ சரியாக வந்தது. ‘வளவு’ ‘அளவு’ ஆனது. ‘இரட்டை வீடு’ வந்துவிட்டது. ‘புள்ளி’ என்று மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் ‘பள்ளி’. நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் கல்யாணமாகித் தனிக் கணக்காக நிற்கும் ஒரு குடும்பம். எத்தனை புள்ளி என்பதில்தான் பங்கே இருக்கிறது. பத்திர வரைவில் ஒரு குடும்பம் பள்ளிக்கூடமாகிப் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. போனுக்கும் தெரியாது.

அந்தப் போனும் தன் முன்னால் இருப்பவர் யாரென்று ஓர் ஊகம் வைத்திருக்கிறது. அந்த ஊகத்தில் காரைக்குடி இல்லை. அதைத் திறந்து திருத்த நமக்கு அட்டவணையும் இல்லை.

டீச்சர் அவனை நகரச் சொன்னார். ‘நீ படி, நான் அடிக்கிறேன்.’

அவன் படித்தான். அவர் அடித்தார். பிளாஸ்டிக் கீபோர்டில் ஆலங்கட்டி மழை கிடையாது, தூறல்தான். ஆனால் அந்த வேகத்தைப் பார்த்துப் பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். ‘என்னாச்சு, படி’ என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வரைவு திங்கட்கிழமை போய்விட்டது. கடைக்காரர் அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் சொல்லமாட்டார் என்று சொல்ல முடியாது. போன் ஒருநாள் ‘புள்ளி’யைக் கற்றுக்கொள்ளும். டீச்சருக்கும் அது தெரியும்.

போன வாரம் அவரைப் பார்த்தேன். ‘அந்த இன்னொண்ணு சொன்னியே, 99, அதையும் பட்டியல்ல போட்டு வச்சிரு’ என்றார். பையன் சாயங்காலம் அரை மணி நேரம் தட்டச்சு படிக்கிறானாம். அவனுக்கு எதற்கு டைப்ரைட்டர் வரிசை, அரசாங்கத் தரத்திலேயே பழகட்டும் என்பது அவர் முடிவு. சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று அவர் ஒரு நோட்டில் அந்த வரிசையைக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். மூன்று வரிசை, சிவப்பு மையில் உயிர், நீல மையில் மெய். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் சொன்னதெல்லாம் அவர் கையெழுத்தில். கோப்பு எங்கே இருக்கிறது, என்ன வரி. ‘இரண்டாவது வரியில் முன்னால் கமா’ என்பதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

தமிழ்99-ஐச் சேர்த்துக் கொடுத்தேன். ‘அம்மா’ அடித்துக் காட்டச் சொன்னார். நாலு விசை: அ, ம, ம, ஆ. புள்ளியை நான் தொடவில்லை.

‘தானா விழுதே’ என்றார். பிறகு தன் கையை வைத்து, ஒரு விரலாக, மெதுவாக, எழுத்தைத் தேடித் தேடி அதையே அடித்தார். அவர் எழுத்தைத் தேடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.